கம்பிச் சடக்கு ஓரம் கேமராவோடு: அக்கா சொல்வதைக் கொஞ்சம் கேள்

முதலில் அந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து நில். மீதியை அப்புறம் பேசலாம்.

வந்துவிட்டாயா? சரி. ரயிலைப் படம் எடுக்கும் ஆசை எனக்கு அப்பாவால் வந்தது. அவர் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்கில் வேலை செய்தவர். குளுவாங் பக்கம் குவாட்டர்ஸில்தான் வளர்ந்தோம். தோட்டத்து உறவுக்காரர்கள் தண்டவாளத்தைக் ‘கம்பிச் சடக்கு’ என்பார்கள். எனக்கு இன்றுவரை அந்தப் பேர்தான் வாயில் வருகிறது. அந்தச் சடக்கு ஓரமாக வருடக்கணக்கில் கேமராவோடு அலைந்திருக்கிறேன். ஒருவர் செய்யக்கூடிய தப்பு அத்தனையும் பார்த்துவிட்டேன், பாதியை நானே செய்தும் விட்டேன். உனக்கு வேலை, வீடு, பிள்ளைகள் பள்ளி என்று ஆயிரம் இருக்கும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலை கிடைத்தாலே பெரிது. அந்தக் காலை வீணாகக் கூடாது என்றுதான் இதைச் சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரைக்குமான பாதை 1909-இல் திறந்தது. சுமார் 190 கிலோமீட்டர், ஒற்றைத் தடம். நூறு வருடத்துக்கு மேல் அப்படியேதான் இருந்தது. இப்போது போய்ப் பார்: இரட்டைத் தடம், தலைக்கு மேல் மின்கம்பி, இரண்டு பக்கமும் வேலி. 2025-இல் மட்டும் மார்ச்சில் சிகாமட், ஆகஸ்டில் குளுவாங், டிசம்பரில் ஜொகூர் பாரு என்று இடிஎஸ் மின்ரயில் படிப்படியாக வந்து சேர்ந்துவிட்டது. பழைய ஆட்கள் உனக்குச் சொல்லிக் கொடுத்த இடமும் முறையும் இனி பாதி செல்லாது. அதனால் புதிதாகக் கற்றுக்கொள்.

1. வேலிக்கு உள்ளே கால் வைக்காதே

‘அந்தக் காலத்தில் தண்டவாளத்தில் நின்றே எடுத்தோம்’ என்று யாராவது மாமா பெருமை பேசுவார். காதில் வாங்காதே. அப்போது டீசல் வண்டி அரை மைல் தள்ளி வரும்போதே தரை அதிரும், ஹோன் சத்தம் கேட்கும். மின்ரயில் அப்படி இல்லை. மணிக்கு 140 கிலோமீட்டரில் வருகிறது, பக்கத்தில் வரும்வரை சத்தமே தெரியாது. இரட்டைத் தடத்தில் இன்னொரு ஆபத்து: ஒரு வண்டியை எடுக்க மும்முரமாக நிற்பாய், அதன் இரைச்சலில் அடுத்த தடத்தில் எதிர்ப்பக்கமிருந்து வருவது கேட்காது. அத்துமீறி உள்ளே போவது சட்டப்படி குற்றமும்கூட.

மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொட்டால்தான் ஷாக் அடிக்கும் என்று நினைக்காதே. கிட்டே ஏதாவது நீட்டினாலே தாவி வரும். மேம்பாலத்தில் நின்றுகொண்டு செல்ஃபி குச்சி, ட்ரைபாட், குடை எதையும் கம்பிப் பக்கம் நீட்டாதே. பாலத்தில் தடுப்புவலை இருந்தால் அதன் ஓட்டைக்கு நேராக லென்ஸை வை. வலைக்கு மேலே கையைத் தூக்காதே.

2. ஏறும்போது எடுக்காதே, இறங்கும்போது எடு

இதைச் சொல்லித் தர எனக்கு யாரும் இல்லை. புது ஸ்டேசன்களில் வண்டி கிளம்பும் நேரம் வரை உன்னை மேலேயே உட்கார வைத்திருப்பார்கள். கேட் திறந்ததும் எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த அவசரத்தில் நல்ல படம் வராது, வண்டியையும் தவற விடுவாய்.

ஒரு ஸ்டேசன் தள்ளி ஏறி, வேண்டிய ஸ்டேசனில் இறங்கு. சீட்டு வாங்கும்போதே முதல் பெட்டி அல்லது கடைசிப் பெட்டியைப் பார்த்து வாங்கு. இறங்கியதும் வண்டியின் முகம் பத்தடியில் இருக்கும், வண்டி நகரும்வரை உனக்கு நேரம் கிடைக்கும். போலீஸ் பந்துவான் (துணைப் போலீஸ்) வந்து ‘போதும்’ என்றால் ‘தெரிமா காசே’ சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. வாதாடாதே. அடுத்து வரும் பையனுக்கும் அந்த நடைமேடை வேண்டும். ட்ரைபாட், பெரிய விளக்கு எல்லாம் கொண்டுபோகிற எண்ணமிருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிடு.

3. வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடு

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சொதப்புகிறார்கள். இங்கிலாந்துக்காரர், ஜப்பான்காரர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு ‘தண்டவாளத்துக்குத் தெற்குப் பக்கம் நில்’ என்பதை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அவர்கள் ஊரில் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் போகும். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒன்றரை டிகிரிதான். இங்கே ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்திருக்கும்; அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை தெற்கே. போன தடவை அழகாக வெளிச்சம் விழுந்த இடத்தில் ஆறு மாதம் கழித்துப் போய் நின்றால் வண்டி கறுப்பாக நிற்கும். கேமராவைத் திட்டாதே, அது என்ன செய்யும்?

நம் பாதை எப்படிப் போகிறது என்று மனதில் வைத்துக்கொள். கிம்மாஸ் வடமேற்கே, ஜொகூர் பாரு தென்கிழக்கே. கோணலாகக் கிடக்கிற பாதை. அதனால் கணக்கு சுலபம்:

• காலையில் தண்டவாளத்துக்குக் கிழக்குப் பக்கம் நில், ஜொகூர் பாருவை நோக்கி வரும் வண்டியை எடு. முகத்திலும் வெயில், பக்கவாட்டிலும் வெயில்.

• மாலையில் மேற்குப் பக்கம் நில், வடக்கே போகும் வண்டியை எடு.

• டிசம்பர் காலையில் தெற்கே வரும் வண்டிக்கு முகத்தில் நேராக வெயில் விழும். ஜூனில் அதே வேலையை மாலை வெயில் வடக்கே போகும் வண்டிக்குச் செய்யும். மற்ற மாதங்களில் இரண்டுக்கும் நடுவே.

வளைவில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். போனில் திசைகாட்டி இருக்கிறதே, எடுத்துப் பார்.

நேரம்? காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை. மாலை ஐந்திலிருந்து ஆறே முக்கால். ஏழுக்குப் பக்கமாகச் சூரியன் இறங்கும். அதற்குப் பிறகு இருட்ட இருபது நிமிடம்தான். வெளிநாட்டு வீடியோவில் அந்தி ஒரு மணி நேரம் நீள்வதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் காப்பி குடித்துக்கொண்டிருக்காதே.

4. நடுப்பகலில் வண்டியை விட்டுவிடு

பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயில் தலைக்கு நேர் மேலே. வண்டியின் கூரை வெளுத்து, சக்கரம் இருட்டில் போய்விடும். அந்த நேரத்துக்குக் கூரைக்குக் கீழே இருக்கிற வேலையை வைத்துக்கொள்: பழைய மரச் சன்னல், ஸ்டேசன் பெயர்ப் பலகை, மணி, தூணில் இருக்கும் வார்ப்பு இரும்பு வேலை, தேய்ந்த படிக்கட்டு.

5. ஷட்டர் வேகம்: ஒரு சின்னக் கணக்கு

140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 39 மீட்டர் போகும். 1/250-இல் எடுத்தால் ஷட்டர் மூடுவதற்குள் 15 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பெயரெழுத்து எல்லாம் கரைந்த மாதிரி இருக்கும். 1/1000 என்றால் 4 சென்டிமீட்டர். 1/2000 என்றால் 2. பக்கவாட்டில் கடக்கும் இடிஎஸ்ஸுக்கு 1/2000 வை. உன்னை நோக்கிக் கோணமாக வரும் வண்டிக்கு 1/1000 போதும். சாமான் வண்டிக்கு 1/500.

கேமராவை வண்டியோடு சேர்த்துத் திருப்பி, பின்னணியை மட்டும் இழுத்துவிட வேண்டுமென்றால் 1/60. பத்தில் ஒன்றுதான் சரியாக வரும். மனம் தளராதே, எல்லோருக்கும் அப்படித்தான்.

இன்னொன்று. வண்டியின் முன்விளக்கு கேமராவை ஏமாற்றிவிடும். விளக்கைப் பார்த்ததும் ‘அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்’ என்று நினைத்துக்கொண்டு படத்தை இருட்டாக்கிவிடும். வண்டி வருவதற்கு முன்பே காலித் தண்டவாளத்தை வைத்து அளவைப் பூட்டிவிடு. ஃப்ளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். ஓட்டுநரின் கண்ணில் அடிக்கிற வேலை அது.

6. போன்தான் இருக்கிறதா? போதும்

பெரிய கேமரா வாங்கிய பிறகுதான் தொடங்குவேன் என்று தள்ளிப் போடாதே. அதற்குள் படம் எடுக்க வேண்டிய வண்டி போய்விடும். லென்ஸைப் பழைய பருத்திச் சட்டையால் துடை. மங்கலான படத்தில் பாதி விரல் எண்ணெய்தான். திரையை விரித்து ஜூம் செய்யாதே, இரண்டு அடி எடுத்து வைத்துப் போ (கோட்டுக்குப் பின்னால்தான்!). திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோக்கஸும் பூட்டிக்கொள்ளும். ஓடும் வண்டிக்கு எச்டிஆரை அணைத்துவிடு, இல்லாவிட்டால் வண்டிக்கு இரண்டு மூக்கு வரும்.

ஓடும் வண்டியின் கண்ணாடி வழியாக எடுப்பதானால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போ. வெள்ளைச் சட்டை போட்டால் ரப்பர் மரத்துக்கு நடுவே உன் வயிறுதான் தெரியும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வை, சுற்றிலும் கைக்குட்டையால் மூடு.

வண்டியின் நெற்றியில் ஓடும் எல்இடி எழுத்து படத்தில் பாதி அழிந்து தெரிகிறதா? ஷட்டர் வேகம் அதிகம். வண்டி நின்றபிறகு 1/60-இல் இன்னொன்று எடுத்துக்கொள். இதற்குமேல் இதில் ஒன்றுமில்லை.

7. ஈரம்தான் உன் முதல் எதிரி

குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு லாபிஸில் இறங்கியதும் லென்ஸ் பனி பிடித்துவிடும். துடைத்தால் மறுபடி பிடிக்கும். வண்டி போய்விடும், நீ துடைத்துக்கொண்டே நிற்பாய். இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே கேமராவை ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடு. வெளியே வந்ததும் பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் வெயிலில் படாமல் வை. பனி பைக்கு வெளியேதான் பிடிக்கும்.

வீட்டில் தோல் பையிலோ அலமாரியிலோ பூட்டி வைக்காதே. நம் ஊர்க் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை ஆறே மாதத்தில் முளைக்கும். அரிசிப் பானையில் புதைத்து வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடு. அந்த மாவுத்தூசி உள்ளே போனால் வெளியே வராது. மூடி இறுக்கமான சாப்பாட்டு டப்பா, அதில் இரண்டு மூன்று சிலிக்கா பொட்டலம், ஈரம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. ஈரம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

அப்பா எடுத்த படச்சுருள் ஒரு பெட்டி நிறைய இருந்தது. பிஸ்கட் டின்னில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டோம். நானே தள்ளினேன். பத்து வருடம் கழித்துத் திறந்தபோது பெரும்பாலானவற்றில் பூஞ்சைக் கோலம்தான். ரெங்கம் ஸ்டேசனில் அவரும் கேங்குக்காரர்களும் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று அதில் இருந்தது. இப்போது அதில் நான்கு ஜோடிக் கால்கள் மட்டும் இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

8. சாமான் வண்டியை மறந்துவிடாதே

எல்லோரும் பளபளக்கும் இடிஎஸ்ஸை எடுக்கிறார்கள். வேலை செய்கிற வண்டியை எடுப்பவர் குறைவு. கெம்பாஸ் பாருவிலிருந்து ஒரு கிளை பாசிர் கூடாங்குக்கும், இன்னொன்று தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக்கும் பிரிகிறது. கொள்கலன் வண்டிகள் அந்தப் பக்கம்தான் போய் வரும். இதற்குக் கால அட்டவணை கிடைக்காது, காத்திருக்க வேண்டியதுதான். அரை நாள் காத்திருக்க முடியாது என்றால் உன் வேலையைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எந்த நேரத்தில் வண்டி கண்ணில் படுகிறது என்று குறித்து வை. ஒரு மாதத்தில் ஒரு பழக்கம் பிடிபடும்.

எஞ்சின் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள். முதல் இரண்டு எண்தான் வகுப்பு. 24 என்றால் 1987-இல் வந்த தொஷிபா. 29 என்றால் 2005-வாக்கில் சீனாவின் டாலியனிலிருந்து வந்தது. முதன்முதலாக நீண்டதூரப் பாதைக்கு வந்த டீசல் 20 வகுப்பு, 1957. அப்பா அந்த வண்டியைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படமாவது எடுத்துவிடு. அழகான படம் அதற்கு அப்புறம்.

9. கடைசி நாளில் போகாதே

2011 ஜூன் 30 இரவு, சிங்கப்பூர் தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி கிளம்பியது. 1932-இல் திறந்த ஸ்டேசன். ஜொகூர் சுல்தான் இப்ராகிமே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் ஜொகூர் பாருப் பக்கம் காத்திருந்தேன். எனக்குக் கிடைத்தது ஆளுடைய கை, ஆளுடைய முதுகு, தூக்கிப் பிடித்த போன்களின் வெளிச்சம். வண்டி இருக்கும் படம் இரண்டோ மூன்றோ. அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் அந்த வண்டியில் எத்தனை தடவை போயிருப்பேன்! ஒரு தடவைகூட உட்கார்ந்திருந்த சீட்டை எடுக்கவில்லை, சீட்டுப் பார்க்கிறவரை எடுக்கவில்லை, சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கவில்லை. எப்போதும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

நீ அந்தத் தப்பைச் செய்யாதே. இப்போது உன் கண்முன்னே அதே மாதிரி ஒன்று இருக்கிறது. ஷட்டில் தெப்ராவ். 2015 ஜூலை 1-லிருந்து ஜொகூர் பாரு சென்ட்ரலுக்கும் உட்லண்ட்ஸுக்கும் நடுவே போய்வரும் டீசல் வண்டி, ஐந்து நிமிடப் பயணம். புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் தெப்ராவை நிறுத்துவதென்று இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம். ஆர்டிஎஸ் தனிப் பாலத்தில் போகிறது. ஆக, 1923-லிருந்து தாம்பாக் எனும் கடற்பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கும் பயணிகள் ரயில் இல்லாமல் போகப் போகிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சங்கதி.

என்ன எடுக்கலாம்?

• சாதாரணச் செவ்வாய்க்கிழமை போ. விடுமுறை நாளில் போகாதே. வேலைக்குப் போகிறவர்கள்தான் இந்த வண்டியின் உயிர்: காலில் செருப்பு, பையில் சப்பாத்து, பாதித் தூக்கம். அவர்கள் முகத்தைக் காட்டாமலே அந்தக் காலை நேரத்தை எடுத்துவிடலாம்.

• உன் சீட்டைத் தட்டையாக வைத்து ஒரு படம். வெப்பத்தில் அச்சடிக்கிற தாள் எல்லாம் இரண்டு வருடத்தில் வெளுத்துவிடும்.

• ஐந்து நிமிடத்தையும் வெட்டாமல் ஒரு ஒலிப்பதிவு. தாம்பாக் மேல் சக்கரச் சத்தம் மாறும், கேட்டுப் பார்.

• தாம்பாக்கில் நின்று எடுக்க நினைக்காதே. சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட் பூங்காவிலிருந்து பாலம் முழுவதும் தெரியும்.

10. குடிநுழைவுப் பகுதியில் கேமராவை உள்ளே வை

சென்ட்ரலிலிருந்து சிஐகியூ கட்டடத்துக்குள் காலடி வைத்ததும் கேமரா பைக்குள், போன் சட்டைப்பைக்குள். ‘ஒரே ஒரு படம்தானே’ கிடையாது. பறிமுதல், விசாரணை, தவறவிட்ட வண்டி எல்லாம் அந்த ஒரு படத்துக்காக. டிரோனும் அப்படியே, விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்மின் அனுமதி, பக்கத்தில் எல்லை, செனாய் விமான நிலையம். உனக்கு நேரமில்லை என்றுதானே சொன்னாய்? டிரோனை விட்டுவிடு.

11. பழைய கட்டடத்தைத் தனியாக வெட்டி எடுக்காதே

1909-இன் ஜொகூர் பாரு ஸ்டேசன் கட்டடம் இன்னும் நிற்கிறது. 2010 அக்டோபரில் பக்கத்தில் சென்ட்ரல் திறந்த பிறகு இதை அருங்காட்சியகமாக்கினார்கள். எல்லோரும் என்ன செய்கிறார்கள்? பின்னால் தெரியும் புது உயரக் கட்டடங்களை மறைக்கக் கோணம் தேடுகிறார்கள். அப்படி எடுத்த படம் எந்த வருடத்ததாகவும் இருக்கலாம். பின்னால் நிற்பதும் வரட்டும். கார், விளம்பரப் பலகை, தொப்பி போட்ட பையன், எல்லாம் வரட்டும். அப்புறம் பார்ப்பவர் அதைத்தான் முதலில் தேடுவார்.

நிற்கும்போதே எடுத்துவிடு. இதற்கெல்லாம் முன்பே, 1869-வாக்கில், ஜொகூரை ஆண்ட அபு பக்கார் காலத்தில் ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் பக்கமாக மரத்தாலேயே ஒரு தண்டவாளம் போட்டார்கள். கறையான் தின்றுவிட்டது என்பார்கள். நான் போய்த் தேடியிருக்கிறேன். என் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

12. ஆளை எடு. பேரைக் கேள்

இதை நான் பன்னிரண்டாவதாகச் சொன்னாலும் முதலாவதாக எடுத்துக்கொள். இந்தப் பாதையில் சரளைக் கல் கொட்டியவர், கட்டை மாற்றியவர், பாயிண்ட் இழுத்தவர், கேட் மூடியவர் என்று எத்தனையோ பேர் நம் ஆட்கள். குவாட்டர்ஸ் இருந்த இடமெல்லாம் பக்கத்தில் ஒரு சாமி இருக்கும். ஜொகூர் பாருவின் கண்ணாடிக் கோயில், ராஜகாளியம்மன், அதுகூட ரயில் பாதை ஓரத்தில்தான் இருக்கிறது. 1922-இல் ஒரு குடிசையாகத் தொடங்கியது. நம் பையன்கள் எடுத்த ரயில் படங்களைப் பார். எஞ்சின், எஞ்சின், எஞ்சின். ஒரு மனுசன் கிடையாது.

என் தாத்தாவை ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. அவருக்கு ஒரு படம்கூட இல்லை. அவர் எப்படி இருப்பார் என்று அப்பா யாரையாவது காட்டிச் சொல்வார், ஒவ்வொரு தடவையும் வேறு ஆளைக் காட்டுவார்.

அதனால் இதைச் செய்:

• முதலில் பேசு, அப்புறம் கேமராவை எடு. ‘அண்ணே, எத்தனை வருசமா வேலை?’ என்று கேட்டாலே போதும்.

• கையை எடு. கேங்கில் வேலை செய்தவரின் கை முகத்தைவிட நிறையச் சொல்லும்.

• படத்தைக் கொண்டுபோய்க் கொடு. போனில் அனுப்புவதோடு நிறுத்தாதே; கடையில் அச்சடிக்க அதிகம் செலவாகாது. அடுத்த தடவை அவரே உன்னைத் தேடி வந்து பழைய கதை சொல்வார்.

• யாராவது அன்பால் உன்னை எஞ்சினுக்குள் ஏற்றிவிட்டால் அதை வலைத்தளத்தில் போடாதே. உனக்கு ஐம்பது லைக், அவருக்கு விளக்கக் கடிதம்.

13. ஊட்டிக்குப் போனால் எந்தப் பெட்டி?

நீராவி வண்டி பார்க்கத் தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும். நீலகிரி மலை ரயிலும் நம் பாதையைப் போலவே மீட்டர் கேஜ். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், முன்னால் இருக்காது. முன்பெட்டியில் இடம் பிடித்துவிட்டு ‘புகையே காணோம்’ என்று வந்து என்னிடம் புலம்பாதே. ஏறும்போது கடைசிப் பெட்டி. குன்னூருக்கு மேலே பெரும்பாலும் டீசல்தான்.

14. அன்றைக்கே எழுதி வை

வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன்னால் செய். நாளை என்றால் நடக்காது. ஒவ்வொரு கோப்புறைக்கும் பெயர் இப்படி: வருடம், மாதம், தேதி, ஸ்டேசன், எஞ்சின் எண். அச்சடித்த படமானால் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுது. பால்பென் பத்து வருடத்தில் முன்பக்கம் ஊறி வந்துவிடும். ஒரே மாதிரி இருபது படம் இருந்தால் மூன்றை வைத்துக்கொண்டு மீதியை அழி. அந்த மூன்றையும் இரண்டு வேறு இடத்தில் சேமி: வீட்டில் ஒரு வன்தட்டு, அண்ணன் வீட்டிலோ அத்தை வீட்டிலோ இன்னொன்று. டிசம்பர் வெள்ளத்தில் சிகாமட்டில் எத்தனை வீட்டு ஆல்பம் மிதந்தது என்று அங்கே போய்க் கேள்.

வீட்டுப் பழைய ஆல்பத்தில் ரயில்வே படம் இருந்தால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய். படத்தில் இருப்பவர் பெயரைத் தெரிந்த ஒருவர் உயிரோடு இருக்கும்போதே செய்.

பெயரைக் கேட்டு எழுத நல்ல இடம் குளுவாங் ரயில் காப்பிக்கடை. 1938-இல் ஸ்டேசனோடு ஒட்டித் தொடங்கிய கடை. உன் அப்பாவையோ பெரியப்பாவையோ, ரயில்வேயில் இருந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போ. தட்டில் ரொட்டி பாக்கார் வரட்டும், ஆல்பத்தை நடுவில் திறந்து வை, போனில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு மேசையில் கவிழ்த்து வை. ‘இது யாரு?’ என்று மட்டும் கேள், அவர் பேசட்டும், நீ குறுக்கே பேசாதே. எட்டு மணிக்கு முன்னால் போய்விடு. அதற்கு அப்புறம் போனால் உட்கார இடம் கிடைக்காது.